வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பிள்ளைகளோடு

திங்கள், சிலாவத்தைக் கடற்கரை

முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் அடுத்த திங்கள்தான். வைகாசிப் பூரணையை அண்டி வரும் திங்கள் அது. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு அதைவிடப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுக்கும் இன்றைய திங்கள் நல்லது. அடுத்த கிழமை வீதி நிறையச் சனம் நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு வேட்டிக் கரையும் சேலைக் கொசுவமும்தான் எட்டும். இன்று கரையில் இடமிருக்கிறது, நடப்பதெல்லாம் தெரிகிறது.

முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் இருந்து தீர்த்தக் குடத்தோடு புறப்பட்டுச் சிலாவத்தைக்கு வருவார்கள். கடல்நீரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்புவார்கள். எண்ணெய்க்குப் பதில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள், ஒரு கிழமை எரியும் என்பார்கள். பொங்கலுக்குப் பாக்குச் சேர்க்கும் சடங்கான பாக்குத் தெண்டல் இதற்கு முதலே முடிந்துவிடும். ஞாயிறு காட்டா விநாயகரில் பொங்கல், திங்கள் படையலுக்கான மடைப்பண்டம் வற்றாப்பளைக்குப் போகும். திங்கள் இரவு மட்டும் வந்து போகிறவர் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்தவர்.

கதையைப் பிள்ளைக்கு இன்றே சொல்லிவிட வேண்டும். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து ஒவ்வொரு இடமாகத் தங்கினாள். பத்தாவது தங்கல் நந்திக்கடல் ஏரியோரம். பத்தாம் பளைதான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். அங்கே மாடு மேய்த்த சிறுவர்கள் ஒரு கிழவியைக் கண்டார்கள், புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டிவிட்டது, விளக்கெரிக்க எண்ணெய் இல்லை. கடல்நீரை எடுத்து ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. தலை கடிக்கிறது, பாருங்கள் என்றாள். மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். வைகாசித் திங்களில் திரும்ப வருவேன் என்று சொல்லி மறைந்தாள். கதையில் கிழவியைத் தவிர வரும் ஆட்கள் எல்லாரும் சிறுவர்கள் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள், பிள்ளைகள் மறப்பதில்லை. தலையில் ஆயிரம் கண் என்ற இடத்தில் சின்னப் பிள்ளைகள் பயந்தால் அவசரமாக அடுத்த வரிக்குப் போக வேண்டாம். அவர்கள் மனதில் நிற்கப்போவது அந்த இடம்தான்.

கரையில் கவனிக்க வேண்டியது காற்று. வைகாசியில் அடிப்பது சோளகம், தென்மேற்குக் காற்று. இந்தக் கீழைக் கரையில் அது தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரம் அலை அடங்கித் தெரிவதால் பெற்றோர் ஏமாறுகிறார்கள். காற்றடைத்த ரியூப், பந்து, பலூன் எது கை தவறினாலும் கடலுக்குள் ஓடும், பிள்ளை அதைத் துரத்தும். ஆகவே மிதக்கும் விளையாட்டுச் சாமான் ஒன்றும் வேண்டாம். கரை சரிவானது. பிள்ளை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது, பெரியவர் பிள்ளைக்கும் கடலுக்கும் நடுவே நிற்க வேண்டும், கரைப் பக்கத்தில் அல்ல.

இன்னொன்று: போர்க்காலக் கண்ணிவெடி கிடக்கலாம், ஆகவே பற்றைக்குள் போகக் கூடாது, நிலத்தில் கிடக்கும் இரும்புத் துண்டு எதையும் எடுக்கக் கூடாது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை எங்கே நின்றாலும் அதற்கு அப்பால் ஒரு அடியும் இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும். இங்கே வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள்.

இன்று தொடங்க வேண்டிய ஒரு வேலை நினைவுக் கொப்பி. 1967இல் மொன்றியலில் நடந்த உலகக் கண்காட்சியில் நுழைவுச்சீட்டைக் கடவுச்சீட்டுப் போலவே அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாட்டுக் கூடத்திலும் ஒரு முத்திரை குத்தலாம். அன்று சிறுவராகப் போனவர்கள் பலர் கூடங்களை மறந்தும் அந்தக் கடவுச்சீட்டை வைத்திருக்கிறார்கள். அதே வேலையை நாற்பது பக்க ஒற்றைறூல் கொப்பி ஒன்று செய்யும். இன்றைய பக்கத்துக்குச் சிலாவத்தை மணல். ஈர மணலை ஒட்டினால் ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும், கடதாசியில் பரப்பி வெயிலில் ஒரு மணித்தியாலம் காயவிட வேண்டும். பக்கத்தில் பசையைப் பூசி, மணலைத் தூவி, ஐந்து நிமிடம் கழித்துத் தட்டிவிடலாம். அடியில் இடமும் நாளும் பிள்ளையின் கையெழுத்திலேயே இருக்கட்டும், பிழையோடு.

சனி, வவுனியாவில் இருந்து முள்ளியவளை

வழி இரண்டு. ஏ9 வீதியில் மாங்குளம் போய் அங்கிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவு வீதி. அல்லது புளியங்குளத்தில் கிழக்கே திரும்பி நெடுங்கேணி ஊடாக ஒட்டுசுட்டான். பிள்ளைகளோடு என்றால் மாங்குளம் வழி நல்லது. மாங்குளத்தில் ரயில் நிற்கும், கடை உண்டு, கழிப்பறை உண்டு. அங்கிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். நெடுங்கேணி வழி காட்டோரம் போகும். பொழுது பட்டால் யானை வீதிக்கு வரும், மோட்டார் சைக்கிளில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இரவில் போவது புத்தியில்லை.

பஸ்ஸில் சத்தி எடுப்பது பின் சில்லுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகள்தான். குலுக்கம் அங்கேதான் கூட. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே யன்னலோரம் இடம் பிடிக்க வேண்டும். ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பு பாலும் எண்ணெய்ச் சாப்பாடும் நிறுத்தி, இடியப்பமோ வெறும் பாணோ கொஞ்சம் கொடுத்தால் போதும். வெறும் வயிறும் கூடாது. ரெலிபோனில் படம் பார்க்கவிட்டால் சத்தி நிச்சயம்.

ஒட்டுசுட்டானில் இறங்கித் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுப் போகலாம். குரக்கன் அறுத்து முடிந்த அடித்தாளான ஒட்டைச் சுட்ட இடத்தில் லிங்கம் வெளிப்பட்டதாக ஊர்க்கதை, ஊரின் பெயரும் அதில் இருந்து வந்ததுதான். கொப்பிக்கு ஒரு விபூதிப் பக்கம். விபூதி தானாக ஒட்டாது, முதலில் பசைத்தடியால் கோடு இழுத்து அதன் மேல் விரலால் அப்ப வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்: ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தல், மூடியுள்ள எவர்சில்வர் ரம்ளர் ஒன்று, ஜீவனிப் (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்) பக்கற் நாலு, டோர்ச், பழைய வெள்ளை வேட்டி ஒன்று, சேப்டி பின், போல்பொயின்ற் பேனை, சுத்தமான துணி. வேட்டி எதற்கு என்றால் வெயிலுக்கு மறைப்பு, மணலில் பாய், படுத்த பிள்ளைக்குப் போர்வை, அவசரத்தில் கழிப்பறை மறைப்பு. குழந்தை வண்டில் வேண்டாம். கோயில் வீதி மணல், சின்னச் சில்லு புதைந்துவிடும், கடைசியில் பிள்ளையையும் வண்டிலையும் சேர்த்துத் தூக்க வேண்டி வரும். நகையும் வேண்டாம். பிள்ளையின் கழுத்துச் சங்கிலியை அறுக்க நெரிசலில் ஒரு கணம் போதும்.

ஞாயிறு, காட்டா விநாயகர்

நாளைய பொங்கலுக்கான ஒத்திகையைப் பிள்ளைக்கு இங்கேயே காட்டிவிடலாம். சனம் உண்டு, ஆனால் நெரிசல் நாளைய அளவுக்கு இல்லை. உப்புநீர் விளக்கைப் பார்க்க வரிசையில் நிற்கும்போது பிள்ளையைத் தோளில் வைக்க வேண்டாம். மண்டப வாசல் தாழ்வு, மேலே தொங்கும் மணியும் தோரணமும் தலையில் இடிக்கும். இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால் விளக்கு நேரே தெரியும்.

வற்றாப்பளையில் பொங்க நேர்ந்தவர்கள் இன்று மாலை பானையைத் தயார் செய்ய வேண்டும். புது மண்பானை என்றால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறாத பானை அடுப்பில் வெடிக்கும். வெடிக்காத பானையும் தண்ணீரை உறிஞ்சிப் புக்கையை அடிப்பிடிக்க வைக்கும்.

ஐந்தாறு பேருக்கு அளவு: சிவப்புப் பச்சையரிசி 500 கிராம், வறுத்துக் கோது நீக்கிய பயறு 150 கிராம், தேங்காய் ஒன்று, சர்க்கரை 400 கிராம், கஜு, முந்திரிகை வற்றல், ஏலக்காய் ஐந்து, நெய் இரண்டு மேசைக்கரண்டி. பானை 4 லீற்றர் கொள்ள வேண்டும். தேங்காயை இங்கே துருவிக்கொண்டு போகக் கூடாது, வைகாசி வெயிலில் துருவல் நாலைந்து மணித்தியாலத்தில் புளித்துவிடும். முழுத் தேங்காயும் சின்னத் துருவலையும் போகட்டும். பிள்ளைக்குப் பயறு கொழிக்கும் வேலையைக் கொடுக்கலாம். கோதை ஊதிப் பறக்கவிடுவது அவர்களுக்கு விளையாட்டு.

திங்கள், வற்றாப்பளை

முள்ளியவளைச் சந்தியில் இருந்து கோயில் நாலைந்து கிலோமீற்றர்தான். இன்று அந்த வீதி முழுக்கப் பஸ், லான்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்), காவடி. வாகனத்தைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டி வரும். ஆகவே ஒன்றில் காலை ஆறு மணிக்கு முன் போய் பத்துக்குள் வெளியேறி மாலை திரும்ப வர வேண்டும், அல்லது மூன்று மணிக்குப் பிறகு போய் இரவு தங்க வேண்டும். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பிள்ளையோடு வெறுங்காலில் வீதியில் நிற்பது தண்டனை. மணல் சுடும், நெருஞ்சி முள்ளும் உண்டு. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டால் திரும்பக் கிடைக்காது, பைக்குள் வைக்க வேண்டும்.

உள்ளே போவதற்கு முன் மூன்று வேலை. பிள்ளையை நிறுத்தி இன்றைய உடுப்போடு ஒரு படம் எடுக்க வேண்டும். காணாமற் போனால் ‘நீலச் சட்டை’ என்று பதறிச் சொல்வதைவிட அதைக் காட்டுவது நல்லது. ரெலிபோன் இலக்கத்தை முன்கையின் உட்பக்கம் பேனையால் எழுத வேண்டும்.  மூன்றாவது, சந்திக்கும் இடம். ‘கச்சான் கடையடி’ என்று சொல்லக் கூடாது, இருநூறு கச்சான் கடை இருக்கும். நகராத ஒன்றைக் காட்ட வேண்டும்: கோபுர வாசல், ஒலிபெருக்கி அறிவிப்புக் கொட்டில். அந்தக் கொட்டிலுக்குப் பிள்ளையை நடத்திக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரலாம். தொலைந்த பிள்ளை நடக்காமல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், பெரியவர்தான் தேட வேண்டும். இரண்டு பேரும் தேடி அலைவதால்தான் நேரம் போகிறது.

காவடி பார்ப்பதில் ஒரு விதி. தூக்குக்காவடி லான்ட்மாஸ்டரில் வரும். முதுகிலும் காலிலும் செடில் கொக்கி குத்தி ஆள் துலா என்ற நீண்ட மரத்தில் தொங்குவார், பின்னால் நிற்பவர்கள் துலாவை அமர்த்தி எழுப்புவார்கள். துலா எட்டும் தூரத்துக்குள் நிற்கக் கூடாது. சாரதிக்குப் பக்கவாட்டில் நிற்கும் சின்னப் பிள்ளைகள் தெரியமாட்டார்கள், ஆகவே முன் சில்லுக்கு அருகிலும் வேண்டாம். பிள்ளை அழுதால் ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயனில்லை. முதலில் தூரத்தில் பறை, உடுக்கு, ஆட்டக்காவடி, பாற்செம்பு காட்டிவிட்டு, அதன் பிறகுதான் செடில் காவடி.

தாகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல்கள் வழி நெடுகிலும் உண்டு: மோர், சர்க்கரைத் தண்ணி, ஊறுகாய்த் தண்ணி. சொந்த ரம்ளரை நீட்டி வாங்க வேண்டும், பொதுப் பேணி வேண்டாம். ஐஸ் மிதந்தால் பிள்ளைக்குக் கொடுக்காமல் விடுவது உத்தமம், ஐஸ் எந்தத் தண்ணீரில் கட்டியது என்று பந்தலில் நிற்கும் தம்பிக்கே தெரியாது. வாய் உலர்ந்து, சலம் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனால் ஜீவனி ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அரைப் போத்தலில் முழுப் பக்கற்றைக் கரைப்பது பலர் விடும் பிழை. உப்புக் கூடினால் அதுவே கேடு.

இனிக் கடைகள். பிள்ளைகளுக்குத் திருவிழா என்பது இதுதான், கோயில் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

கச்சான் முதலில். முல்லைத்தீவு மணற்தரையில் விளைவது, சுண்டு கணக்கில் விற்பார்கள். தாச்சியில் மணலைச் சுடவைத்து அதற்குள் கோதோடு போட்டுக் கிளறுவார்கள். தீயைக் கூட்டி அவசரப்பட்டால் கோது கருகும், உள்ளே பருப்பு பச்சையாக இருக்கும். வாங்கும் முன் ஒன்றை எடுத்துக் காதுக்கருகில் ஆட்டிப் பார்க்க வேண்டும். கிலுகிலு என்றால் வறுபட்டது. பருப்பின் சிவப்புத் தோல் தேய்த்தவுடன் கழன்றால் இன்னும் நல்லது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுப் பருப்புக் கொடுக்கக் கூடாது, நெரிசலில் சிரித்துக்கொண்டு தின்னும்போது மூச்சுக்குழாயில் போய்விடும்.

மணி அடித்துக்கொண்டு வருபவரிடம் தும்பு முட்டாஸ். பக்கத்தில் மெஷினில் சுற்றும் பஞ்சு மிட்டாய். அந்த மெஷின் உலகக் கண்காட்சிச் சரக்கு. 1897இல் அமெரிக்காவில் வில்லியம் மொரிசன் என்ற பல் வைத்தியரும் ஜோன் வார்ட்டன் என்ற இனிப்புக்காரரும் சேர்ந்து செய்தார்கள். 1904இல் செயின்ற் லூயிஸ் கண்காட்சியில் பெட்டி ஒன்று 25 சதத்துக்கு 68,655 பெட்டி விற்றார்கள். பல் வைத்தியருக்குத் தொழில் குறையவில்லை என்று நம்பலாம். சுழலும் தட்டின் நடுவில் சீனி உருகி, சின்னத் துளைகளால் வீசப்பட்டு, காற்றில் ஆறி நூலாகிறது. நந்திக்கடல் ஈரக்காற்றில் அந்த நூல் நீரை உறிஞ்சிச் சில நிமிடத்தில் சுருங்கிக் கட்டியாகும். வீட்டுக்குக் கொண்டுபோக வாங்கினால் ஏமாற்றம்தான். நின்ற இடத்தில் தின்ன வேண்டும், பிறகு கையைத் துடைக்க வேண்டும், துடைக்காவிட்டால் மணல் முழுக்க விரலில்.

அம்மம்மாக் குழல் என்ற விளையாட்டு ஊதுகுழல் வாங்கினால் கடையிலேயே ஊதிப் பார்க்க வேண்டும். எச்சில் இறங்கினால் நாக்கு ஒட்டிச் சத்தம் நின்றுவிடும். தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டிக் காயவிட்டால் திரும்ப அழும். வெடித்த பலூன் துண்டைக் கீழே விடக் கூடாது, தவழும் பிள்ளை வாயில் போடும்.

ராட்டினம் வந்திருந்தால் ஏறும் முன் ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். இதுவும் கண்காட்சிப் பிள்ளைதான்: 1893இல் சிக்காகோவில் ஜோர்ஜ் பெரிஸ் கட்டியது 264 அடி உயரம், 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். இங்கே வருவதற்கு அந்த உயரம் இல்லை, ஆனால் நிற்பது மணலில். கால்களுக்கு அடியில் அகலமான பலகை இருக்கிறதா? ஒரு பக்கம் புதைந்து சாய்ந்திருக்கிறதா? இருக்கைக் கம்பிக்குப் பூட்டு ஊசி இருக்கிறதா, அல்லது கட்டுக் கம்பியால் முறுக்கியிருக்கிறார்களா? நல்ல ஓட்டுநர் எதிரெதிர் இருக்கையாக ஆளேற்றிப் பாரத்தைச் சமப்படுத்துவார். ஒரே பக்கம் நிரப்புகிறவரிடம் ஏறவே வேண்டாம். தாவணி, நீள மயிர், தொங்கும் துணி எல்லாம் கட்டியிருக்க வேண்டும்.

பொங்கல். பொழுதுபட இடம் பிடித்து அடுப்பை வெட்ட வேண்டும். அரை அடி ஆழக் குழி, மூன்று கல், சோளகம் வரும் தென்மேற்குப் பக்கம் ஒரு முழ உயர மண் வரம்பு. வரம்பு இல்லாவிட்டால் தீ பானையின் ஒரு பக்கத்தை மட்டும் நக்கும், பொங்கி வழியாது. தண்ணீரும் இரண்டாம் பாலுமாக 3 லீற்றர் விட வேண்டும், அதாவது முக்கால் பானை. பானை பெரிதாக, பால் குறைவாக இருந்தால் எவ்வளவு எரித்தாலும் வழியாது, பிள்ளைகள் முகம் தொங்கும். வழிந்ததும் அரை லீற்றரை அள்ளி வைத்துவிட்டு அரிசியும் பயறும் போட வேண்டும். இறுகினால் அள்ளியதைத் திரும்ப விடலாம். அரிசி விரலில் நசியும் வரை சர்க்கரை போடக் கூடாது. முந்திப் போட்டால் அரிசி விறைத்துப்போகும், பிறகு வேகாது. முதற்பால், கஜு, நெய் கடைசியில்.

இறக்கிய பிறகு செய்யும் ஒரு பிழையால்தான் இரவில் பிள்ளைகளின் கால் வேகிறது. தணலை மணலால் மூடிவிட்டுப் போவார்கள். மேலே மணல் ஆறியது போலத் தெரியும், உள்ளே தணல் விடியும் வரை கிடக்கும், ஓடிவரும் பிள்ளை மிதிக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றிய பிறகுதான் மூட வேண்டும். யாராவது மிதித்துவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரோ போத்தல் தண்ணீரோ ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பற்பசை, வெண்ணெய், விபூதி ஒன்றும் பூசக் கூடாது. சுத்தத் துணியால் மூடி முதலுதவிக் கூடாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

செவ்வாய், நந்திக்கடலோரம்

காலை பஸ்ஸுக்கு நெரிசல். இரண்டு மணித்தியாலம் பொறுத்தால் பாதியாகக் குறையும். அதற்குள் பானையைக் கழுவலாம், கொப்பியை முடிக்கலாம்: கச்சான் கோது, மாவிலை, பஸ் ரிக்கற், குங்குமம். கோது தடிப்பு என்பதால் பசை பிடிக்காது, செலோரேப் போட வேண்டும்.

பரந்தன் வழியாகத் திரும்புகிறவர்கள் வட்டுவாகலைத் தாண்டுவார்கள். பழைய பாலம் ஒடுக்கம், எதிரில் வாகனம் வந்தால் காத்திருக்க வேண்டும். நேர்த்தி முடிந்தவர்கள் அந்தப் பக்கம் இறால் வாங்குவதுண்டு. வாங்கினால் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி கையில் இருக்க வேண்டும், வீடு போவதற்குள் வெயிலில் கெட்டுவிடும். போர் முடிந்த 2009 மே மாதம் இந்த ஏரியோரத்தில் என்ன நடந்தது என்று பிள்ளை கேட்டால் அதற்குப் பதில் சொல்ல ஓடும் பஸ் இடமல்ல. அம்மம்மாவோ அப்பப்பாவோ இருக்கும் வீட்டில், அவர்கள் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். மே 18இல் அதன் நினைவாகக் கஞ்சி காய்ச்சும் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரிந்திருக்கும்.

மண்பானையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் அடுத்த வருடப் புக்கை சவர்க்காரம் மணக்கும். தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மூன்று நாள் நிழலில் கவிழ்க்காமல் காயவைத்து, கடதாசி சுற்றிப் பரணில் வைக்க வேண்டும்.